தண்ணிக் கந்தோர் ஐயா

எனக்கு முதல் முதலாகச் சீருடை கிடைத்தது நாற்பத்தொன்பதாவது வயதில். அதற்கு முன் பதினொரு வருடம் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் லோண்டரியில் மற்றவர்களுடைய சீருடைகளைத் தோய்த்து அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். வரவேற்பில் நிற்பவர்களுக்கு ஒரு நிறம், சமையல்காரர்களுக்கு வெள்ளை, தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குக் கடும் பச்சை. லோண்டரிக்காரருக்கு மட்டும் எதுவும் இல்லை. விருந்தாளிகளின் கண்ணில் நாங்கள் படுவதில்லை. இடுப்பில் சாறனும் மேலே பெனியனுமாக நீராவிக்குள் நின்றோம். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. நான் ஆட்களோடு பேசக் கூச்சப்படுகிறவன்.

ஹோட்டலில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் நிறுத்தினார்கள். சில மாதங்கள் சும்மா இருந்த பிறகு வாவிக்கரையில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை கிடைத்தது. சாதாரண தரம் வரை படித்திருந்தால் போதும் என்றார்கள். இல்லத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லோருக்கும் அவர் மிஸ். நான் வேலையில் சேர்ந்த அதே கிழமை, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பணம் சேர்த்து வேலையாட்களுக்குச் சீருடை அனுப்பியிருந்தார்கள். கருநீலக் களிசான், இளநீலச் சேட், பையில் இல்லத்தின் முத்திரை, கறுப்புச் சப்பாத்து. இரண்டு சோடி.

நான் குடியிருப்பது மனைவியின் வீட்டில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் வந்து சேருகிறவன். சீருடையோடு முதல் நாள் வெளிக்கிட்டபோது மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆரிது, அரசாங்கக் கச்சேரிக்குப் போற ஆள் மாதிரி?"

"சும்மா இரு."

"இல்லங்க, உண்மையாத்தான். பாத்துப் போங்க, வழியில ஆரும் மனுவைக் கையில தந்திருவாங்க."

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் அன்று மாமி, பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார். சந்திக் கடைக்காரர் "வாங்க அண்ணன்" என்றார். களிசானின் மடிப்பு முழங்காலில் கலையாமல் இருக்க, சைக்கிளை மெதுவாக மிதித்துக்கொண்டு போனேன்.

இல்லத்தின் மேற்குப் பக்க அறையில் ஐந்து ஆண்கள் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் மறதி நோய். அவர்களை முகம் கழுவ வைத்து, உடுப்பு மாற்றி, மூன்று வேளையும் சாப்பிட வைப்பது என் வேலை. அவர்களில் ஒருவரை எல்லோரும் முல்லைக்காரர் என்றார்கள். நிலச் சொந்தக்காரரான போடியார்களின் வயலைப் பொறுப்பெடுத்து, கூலியாட்களை வைத்து விதைப்பிலிருந்து சூடடிப்பு வரை நடத்துகிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பது. ஒரு பெரிய வயல் வட்டையில் நாற்பது வருடத்துக்கு மேல் முல்லைக்காரராக இருந்தவர். தலையில் எந்த நேரமும் ஒரு லேஞ்சி கட்டியிருப்பார். அதை அவிழ்த்தால்தான் சண்டை என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்கள்.

நான் சோற்றுக் கோப்பையோடு அவருடைய கட்டிலடிக்குப் போனேன். சப்பாத்துச் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். கட்டில் விளிம்பைப் பிடித்து எழும்பினார். யாரும் அவிழ்க்கக் கூடாத அந்த லேஞ்சியைத் தானே அவிழ்த்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா" என்றார். "கடைசி வரவைக்குத் தண்ணி ஏறல்ல ஐயா. மேல் வாய்க்கால்காரன் மறிச்சுப் போட்டான். பயிர் வாடுது."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. கடைசி வயல் துண்டு காய்கிறது என்று என்னிடம்தான் சொல்கிறார்.

இதை ஒளிக்காமல் எழுத வேண்டும். என்னை அதுவரை யாரும் ஐயா என்று கூப்பிட்டதில்லை. அவரைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "ஓம், நாளைக்கு விடுவம்" என்றேன். சொன்னபோது நன்றாக இருந்தது.

அவர் தலையை ஆட்டினார். உட்காரவில்லை. சாப்பிடவும் இல்லை.

மறு நாள் நான் வாசலில் வந்தபோதே எழும்பிவிட்டார். "நாளைக்கு எண்டீங்க ஐயா." காலையில் தேத்தண்ணீர் குடித்தது பத்து மணிக்கு அவருக்கு நினைவில் இருக்காது. மகளைப் பார்த்து "நீ ஆர்ர பிள்ளை" என்று கேட்பவர். ஆனால் தண்ணீர் விடுவதாக நான் சொன்னதை மட்டும் எங்கோ முடிந்து வைத்துக்கொண்டார். கோப்பையை வைத்துவிட்டு விலகிப் போய்ப் பார்த்தேன். நடையில் என் சப்பாத்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவரை நின்றார். கால் நோகும்போது உட்கார்ந்து வாசலைப் பார்த்தார். சோறு ஆறிப் போனது. மாலை வேலைக்கு வருகிற மற்றவரும் அதே நீலக் களிசான்தான். அவரைக் கண்டாலும் இவர் எழும்பினார்.

எனக்கு முன் அந்த அறையில் வேலை செய்தவர் கட்டாருக்குப் போய்விட்டாராம். அவருடைய காலத்தில் முல்லைக்காரர் நன்றாகச் சாப்பிட்டார் என்றார்கள். ஆகவே நோய்தான் முற்றிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படி நினைக்க விரும்பினேன்.

குசினியில் சமைக்கிற அக்காவிடம்தான் ஒருநாள் கேட்டேன். அவருடைய தகப்பனும் வயல் வேலை செய்தவர். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தாமலே சொன்னார்.

"உன்னத் தண்ணிக் கந்தோர் ஐயா எண்டு நினைக்கார். வாய்க்காலுக்குத் தண்ணி திறந்து விடுற அரசாங்க அதிகாரி. அந்த நாளையில களிசானும் சப்பாத்துமா வட்டைக்குள்ள வாற ஆள் அவர் ஒருத்தர்தானே. அவர் வந்து நிண்டா முல்லைக்காரன் குந்தமாட்டான், வாய் நனைக்கமாட்டான். அவர்ர சைக்கிள் வாய்க்கால் கட்டால திரும்பி மறையோணும். அதுக்குப் பிறகுதான் வாடியில சோத்துப்பானை திறக்கிற."

"நான் தண்ணி விடுறன் எண்டு சொல்லிப் போட்டன் அக்கா."

அவர் கத்தியை நிறுத்தினார். "எந்த வாய்க்காலால?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாவது கிழமை டொக்டர் வந்து அவரை நிறை பார்த்தார். நிறை எழுதிய பழைய துண்டையும் புதிய துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மிஸ்ஸிடம் பேசினார். நான் யன்னலைத் துடைப்பதுபோல நின்றேன்.

"இன்னும் ரெண்டு கிழமை பாப்பம். இப்பிடியே போனா ஆசுபத்திரி வாட்டில வச்சு மூக்கால குழாய் விடத்தான் வேணும்."

"இழுத்துப் போடுவார் டொக்டர்."

"அப்ப கையைக் கட்டத்தான் வேணும்."

மூக்கில் குழாயும் கட்டிய கைகளுமாக ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். என் தகப்பனின் தமையன். அந்தக் கைகள் கட்டுக்குள்ளேயே எதையோ தேடிக்கொண்டிருந்தன. யன்னலில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

அந்த ஞாயிறு எனக்கு லீவு. காலையில் உடுப்புகளைத் தோய்க்க எடுத்தபோது களிசான் பைக்குள் மேற்கு அறை அலுமாரியின் திறப்பு இருந்தது. கவனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மருந்து அந்த அலுமாரிக்குள்தான் பூட்டிக் கிடக்கும். இரண்டு களிசானும் நனைந்துவிட்டன. சாறனோடு, ஒரு பழைய சேட்டை மாட்டிக்கொண்டு, சிலிப்பரைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனேன்.

திறப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது முல்லைக்காரர் என்னைக் கண்டார். எழும்பவில்லை.

"ஆர் மனே அது? இஞ்சால வா. குந்து."

அவருக்குப் பக்கத்தில் மதியச் சோறு தொடாமல் கிடந்தது. நான் நிலத்தில் குந்தினேன். அவரும் கட்டிலிலிருந்து மெல்ல இறங்கி எனக்கு முன்னால் இருந்தார்.

"தின்னியா?"

"இல்ல."

"தின்னாம என்னெண்டு வேல செய்யிற? எட்டி அந்தச் சோத்த எடு. நீ தின்னு முதல்ல."

தயங்கினேன். அவர்களுடைய சாப்பாட்டில் நாங்கள் கைவைக்கக் கூடாது. ஆனால் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்தவன் தின்ன முதல் முல்லைக்காரன் தின்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு வாய் வைத்தேன். அதன் பிறகு அவர் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து தின்னத் தொடங்கினார். மீன் முள்ளைச் சுத்தமாக எடுத்து ஓரத்தில் வைத்தார். முள் எடுத்துத்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே கட்டில் அட்டையில் எழுதியிருந்தது.

பாதிக் கோப்பை முடிந்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கந்தோரால ஒருத்தர் வாறவர், கண்டிருக்கியா?"

"எந்தக் கந்தோர்?"

"தண்ணிக் கந்தோர். நீலக் களிசான். நல்ல மனிசன் போலத்தான் கிடக்கு. சத்தம் போடமாட்டார். ஆனா தண்ணி வரல்ல மனே."

கோப்பை ஓரத்து முள்ளுகளை விரலால் ஒன்றாகக் கூட்டினேன்.

"வாக்குக் குடுக்கிறவன் வாய்க்கால வந்து பாக்கோணும். இவர் பாக்கல்ல. பாக்காமலே நாளைக்கு எண்டுட்டார்."

"மறந்திருப்பார்" என்றேன்.

"மறக்கிறவனுக்கு என்னத்துக்குக் களிசான்" என்றார்.

அவர் பகிடி விட்டாரா, உண்மையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கோப்பையைக் கழுவக் கொண்டுபோனபோது குசினி அக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்றார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். வெறும் கோப்பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மிஸ்ஸிட்டச் சொல்லு தம்பி."

"நீங்க சொல்லுங்க அக்கா."

"களிசான் போடுறது நீயா நானா?"

இரண்டு நாள் மிஸ்ஸின் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். அதற்குள் முல்லைக்காரர் ஆறு வேளை சாப்பாட்டில் இரண்டைத்தான் தொட்டார். மூன்றாம் நாள் உள்ளே போய், நின்றபடியே சொல்லி முடித்தேன். தண்ணீர் விடுவதாகச் சொன்னதையும் சொன்னேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாறனோட வேல செய்ய விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. பாக்க வாற பிள்ளைகளுக்கு ஆர் வேலையாள், ஆர் இருக்கிற ஆள் எண்டு தெரியாது. சீருடை அனுப்பினவங்க என்ன நினைப்பாங்க?"

"சாப்பாட்டு நேரம் மட்டும் மிஸ்."

அவர் நெடுநேரம் எதையோ எழுதினார். பிறகு, "சாப்பாட்டு நேரம் மட்டும்" என்றார்.

அன்றிலிருந்து அலுமாரிக்குப் பின்னால் ஒரு சாறனும் சிலிப்பரும் வைத்தேன். சப்பாத்தைக் கழற்றாமல் சாறன் மட்டும் கட்டினால் சரிவராது என்பதைத் தெரிந்துகொண்டேன், சத்தத்துக்கே எழும்பிவிடுவார். சேட் பையில் பேனை இருந்தாலும் எழும்புவார். பேனை இருந்தால் நான் எழுதுகிற ஆள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நிலத்தில் குந்தினால் ஒரு வாய் எனக்கு, மிச்சம் அவருக்கு.

ஆனால் அதே அறையில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவரும் இருந்தார். அவர் நேர் எதிர். முதல் நாள் நான் சாறனோடு மருந்தைக் கொண்டுபோனபோது வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"நீர் ஆர்? உம்மை ஆர் வகுப்புக்குள்ள விட்டது?"

"நான்தான் சேர், மருந்து."

"பியோன் மருந்து தாறதில்ல. போய் உடுத்திட்டு வாரும்."

ஆகவே அலுமாரிக்குப் பின்னால் போய்க் களிசானை ஏற்றிக்கொண்டு வந்தேன். மருந்தை வாங்கினார், நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதற்குள் அடுத்த கட்டிலில் முல்லைக்காரர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிட்டார். இப்படி ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு மூன்று தரம் உடுப்பு மாற்றினேன். குசினி அக்கா இதைக் காணவே சோற்று வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வருவார்.

"கூத்துக்காரனுக்கும் ஒரு இரவைக்கு ரெண்டு வேசம்தான்டா. நீ மத்தியானத்துக்குள்ள நாலு ஆடிப் போட்டாய்."

பிறகு முதலில் களிசானோடு அதிபரை முடித்துவிட்டு, திரையை இழுத்துவிட்டு, சாறனோடு முல்லைக்காரரிடம் போகப் பழகினேன். லோண்டரியில் இருந்தபோது உடுப்பு என்பது எனக்குத் துணிதான். அழுக்கு, நூல், மடிப்பு. இந்த இருவரிடமும்தான் அது நான் வாயைத் திறக்க முதல் எனக்காகப் பேசிவிடுகிறது என்று கண்டேன். அவர்களுக்கு என் முகம் நிற்பதில்லை. நேற்று வந்தவன் இன்று புதியவன். உடுப்பு மட்டும் நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் தாங்கள் எங்கே இருக்கிறோம், எழும்புவதா இருப்பதா என்று முடிவு செய்கிறார்கள்.

ஐந்தாவது கிழமை டொக்டர் நிறை பார்த்தபோது கொஞ்சம் ஏறியிருந்தது. குழாய் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதமும் பார்ப்போம் என்றார்.

சீருடை அனுப்பியவர்களில் ஒரு தம்பதி ஊருக்கு வந்தபோது இல்லத்தைப் பார்க்க வந்தார்கள். அதற்கு முந்தின நாளே மிஸ் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். என்னைத் தனியாக நிறுத்தி, "நாளைக்கு ஒரு நேரம்தான். களிசானோடயே நில்லுங்க" என்றார். நான் தலையாட்டினேன்.

பத்து மணிக்கு வருவதாக இருந்தவர்கள் மதியம்தான் வந்தார்கள். சோறு பரிமாறும் நேரம். மிஸ் அவர்களை மேற்கு அறைக்குக் கூட்டி வந்தபோது நான் கருநீலக் களிசான், சப்பாத்து, பையில் பேனையோடு நடுவில் நின்றேன். பார்க்க வந்த ஐயாவும் களிசானும் சப்பாத்தும்தான். முல்லைக்காரர் எழும்பினார். லேஞ்சியை அவிழ்த்தார்.

"என்ன மரியாதை, பாருங்க" என்றார் வந்த அம்மா. உண்மையாகவே மனம் நெகிழ்ந்துதான் சொன்னார். அவருடைய கணவர் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

அவர்கள் கட்டில் கட்டிலாகப் பேசிக்கொண்டு போனார்கள். முல்லைக்காரர் நின்றுகொண்டிருந்தார். சாறனுக்குக் கீழே அவருடைய கணுக்கால் நடுங்கியது. அதிபர் அந்த அம்மாவிடம் எந்தப் பாடசாலை என்று விசாரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். முல்லைக்காரர் என்னையே பார்த்தார்.

"ஐயா, நாளைக்கு எண்டீங்க."

"என்ன கேக்கார்?" என்று வந்த ஐயா மிஸ்ஸிடம் கேட்டார். மிஸ் என்னைப் பார்த்தார். முழு அறையும் என்னைப் பார்த்தது. நாளைக்கு என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அவர்கள் போகும்வரை தாங்கும். ஆனால் முல்லைக்காரர் இனி எவ்வளவு நேரம் அந்தக் கால்களில் நிற்பார் என்று எனக்குத் தெரியவில்லை. விழுந்தால் இடுப்பு. இடுப்பு முறிந்தால் வாட்டுத்தான்.

அலுமாரிக்குப் பின்னால் மறைந்து மாற்றப் போகவில்லை. போய்விட்டு வருவதற்குள் விழுந்துவிடுவார் என்று பயந்தேன். அலுமாரியடிக்கு எட்டி வைத்து, கையை மட்டும் நீட்டிச் சாறனை எடுத்து, எல்லோருக்கும் முன்னால், தலைக்கு மேலால் போட்டு, களிசானுக்கு மேலேயே கட்டினேன். சப்பாத்தைக் காலால் தள்ளிக் கழற்றினேன். ஒரு கால் மேசும் சப்பாத்தோடு கழன்று போய்விட்டது. பேனையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு நிலத்தில் குந்தினேன்.

அந்தச் சாறன் அவரை ஏமாற்றவில்லை. நான் கட்டியதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே களிசானின் நீல விளிம்பு தெரிந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு என் முகத்தை.

"ஐயாவும் வயலுக்க இறங்கப் போறீங்களா?"

"ஓம்" என்றேன்.

"சேறு ஐயா. களிசான் பழுதாப் போகும்."

"பரவாயில்ல. தோய்க்கலாம்."

அவர் யோசித்தார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி எனக்கு முன்னால் இருந்தார். "அப்ப முதல்ல சோத்தத் தின்னுங்க. வெறும் வயித்தோட இறங்க ஒண்ணாது."

நான் ஒரு வாய் வைத்தேன். அவர் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். வந்த ஐயா மறுபடியும் போனைத் தூக்கியதையும், மிஸ் அவருடைய முழங்கையைத் தொட்டு வெளியே கூட்டிப் போனதையும் கடைக்கண்ணால் கண்டேன். முல்லைக்காரர் தின்று முடித்ததும், சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"என்னட்டத் தண்ணி இல்ல. அண்டைக்குப் பிழையாச் சொல்லிப் போட்டன்."

அவர் விரலை நக்கிக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அது தெரியும்" என்றார். "வாய்க்கால பாக்காத ஆளிட்ட எங்கால தண்ணி."

பின்னேரம் மிஸ் என்னைக் கூப்பிட்டார். ஏச்சு விழும் என்று நினைத்துப் போனேன். வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. "அந்த அறைக்கு எந்த நேரமும் உங்களுக்குச் சரியெண்டு படுறத உடுத்துங்க" என்றார். பிறகு, நான் வாசலுக்குப் போனதும், "ஒரு மேசோட நிக்கிறீங்க" என்றார்.

அடுத்த நாள் காலை, அதிபரின் மருந்துக்காகக் களிசானோடு உள்ளே போனேன். திரையை இழுக்க மறந்துவிட்டேன். முல்லைக்காரர் எழும்பி லேஞ்சியை அவிழ்த்தார். முந்தின நாள் நடந்தது ஒன்றும் அவருக்கு நினைவில் இல்லை.

"கடைசி வரவைக்குத் தண்ணி ஏறல்ல ஐயா."

"என்னட்டத் தண்ணி இல்ல" என்றேன்.

"அப்ப ஆரிட்டக் கேக்கிற?"

"தெரியல்ல" என்றுதான் சொன்னேன். நான் மருந்தை அதிபரின் கையில் கொடுத்துவிட்டு, அலுமாரிக்குப் பின்னால் போய்ச் சாறனைக் கட்டிக்கொண்டு வந்தேன். அவர் கட்டிலில் இருந்தார். லேஞ்சி திரும்பத் தலையில். கோப்பையில் புட்டும் சம்பலும் இருந்தன.

"வா மனே" என்றார். "கந்தோர் ஆள் போயிற்றாரா?"

"போயிற்றார்."

"என்னவாம்?"

"தண்ணி இல்லயாம்."

"அதயாவது சொன்னானே" என்றார் அவர். புட்டை இரண்டாகப் பிரித்து, பெரிய பாதியை என் பக்கம் தள்ளினார்.